சாய்ந்து நிற்கும் லிட்டில் மோர்ட்டன் ஹால்: கட்டியவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லையா?

கேள்வி, 10 மே

போன வாரம் குடும்பத்தோடு இங்கிலாந்தின் செஷயரில் இருக்கும் லிட்டில் மோர்ட்டன் ஹாலுக்குப் போய் வந்தோம். எல்லோரும் அவ்வளவு சொன்னார்களே என்று போனால் உள்ளே சாமான் இல்லை, பாதி அறை காலி, மாடித் தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கணக்குத் தெரியாமல் கட்டிய ஒரு மர வீட்டை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது?

11 மே, காலை 6.20

நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் கண்ணில் பட்டது இதுதான். பதில் எழுதாமல் தூங்கப் போக மனம் வரவில்லை.

நான் ஸ்டோக் பக்கம் இருக்கிறேன். ஏ34 சாலையில் வடக்கே போனால் காங்கிள்டன் வருவதற்கு நாலு மைல் முன்னாலேயே அந்த வீடு. ஏழெட்டு முறை போயிருக்கிறேன், இன்னும் போவேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது என்றால் நீங்கள் அறைகளைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறீர்கள். அங்கே பார்க்க வேண்டியது அறைக்குள் வைத்த பொருளை அல்ல, அறையை எப்படிச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதை. அண்ணாந்து பாருங்கள், மூலைகளைப் பாருங்கள், சன்னல் சட்டத்தைப் பாருங்கள்.

1504-க்கும் 1508-க்கும் நடுவில் வில்லியம் மோர்ட்டன் என்ற நிலக்கிழார் கட்டிய வீடு. ஓக் மரச் சட்டம், நடுவில் மண் பூசிய சுவர், சுற்றிலும் 10 மீட்டர் அகல அகழி. 500 வருஷத்தில் அடியில் மண் இறங்கியதால் சாய்ந்திருக்கிறது, கணக்குத் தெரியாமல் அல்ல.

மீதி தூங்கி எழுந்து.

11 மே, மாலை

காலையில் தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் இரண்டு தப்பு.

ஒன்று, 1504-08 என்பது தொடக்கம் மட்டும். பெரிய கூடமும் கிழக்குப் பகுதியில் ஒரு பாதியும்தான் அப்போது கட்டியவை. அப்புறம் மகன், பேரன் என்று ஆளுக்கு ஒரு பக்கம் சேர்த்துச் சேர்த்து 1610 வாக்கில்தான் வேலை நின்றிருக்கிறது. ஏறத்தாழ 100 வருஷம் கட்டிய வீடு. அதனால்தான் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் இன்னொரு பக்கத்தோடு ஒத்துப்போகாத மாதிரி தெரிகிறது.

இரண்டாவது, அந்தச் சாய்வு. மண்ணைக் குற்றம் சொல்லிவிட்டேன், அது சரியில்லை. பாலம் தாண்டி நுழைகிற தெற்குப் பகுதியைக் கட்டியது 1560-62 வாக்கில், ஜான். முதல் வில்லியமின் மகன் பெயரும் வில்லியம்தான், அந்த இரண்டாம் வில்லியமின் மகன் இவர். கட்டிக்கொண்டிருக்கும்போதே, உச்சியில் ஒரு நீள மண்டபமும் வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. 21 மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் வரிசையாகச் சன்னல். சன்னல் என்றால் அங்கே சுவர் இல்லை என்றுதானே அர்த்தம்? சுவர் இல்லாத அந்த மண்டபத்தின் மேல் ஓடு போட்டிருந்தாலும் பரவாயில்லை, கனமான கல் பலகைகளை ஏற்றிவிட்டார்கள். கீழே இருக்கும் இரண்டு தளங்களும் அந்தப் பாரத்தை எதிர்பார்த்துக் கட்டியவை அல்ல. உத்தரங்கள் வளைந்தன, தரை நெளிந்தது. நீங்கள் நடந்த மேடும் பள்ளமும் அதுதான்.

ஆக, 'கணக்குத் தெரியாமல்' என்று நீங்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தச்சர்களுக்கு வேலை தெரியாமல் அல்ல. பாதி வேலையில் வீட்டுக்காரர் இன்னொரு மாடி கேட்டால் என்ன ஆகும் என்று வீடு கட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

12 மே

இன்னும் ஒன்று. அந்தக் கல்கூரை 450 வருஷத்துக்கு மேலாக அழுத்திக்கொண்டிருக்கிறது, வீடு விழவில்லை. செங்கல் சுவராக இருந்தால் என்றைக்கோ பிளந்து கொட்டியிருக்கும். மரச் சட்டம் வளைந்து கொடுத்துத் தாங்குகிறது. நடுவில் உதவி செய்தார்கள்தான்: 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மண்டபத்துக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். 1977-இல் தெற்குப் பகுதியின் கூரைக்கல் கழன்று வருகிறது என்று தெரிந்ததும் ஆறு கட்டமாகப் பெரிய பழுதுபார்ப்பு நடந்தது. அப்போது மாற்றிய புது மரங்களுக்குச் சாயம் பூசாமல் அப்படியே விட்டார்கள். அடுத்த முறை போனால் எது பழசு எது புதுசு என்று நீங்களே விரல் நீட்டிச் சொல்லலாம்.

14 மே, இரவு

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன கதையைச் சொல்லாமல் இது முழுமையாகாது.

அப்பா தச்சர். ராஜபாளையம் பக்கம் 50 வருஷம் கதவு, நிலை, சன்னல் செய்தவர். இப்போது 72 வயது. போன வருஷம் ஆகஸ்டில் என்னிடம் ஒன்றரை மாதம் இருந்தார். லண்டன் கூட்டிப் போனேன், தேம்ஸ் காட்டினேன், எல்லாவற்றையும் மரியாதைக்காகப் பார்த்தார். லிட்டில் மோர்ட்டன் ஹாலில் பாலத்தைத் தாண்டிய இடத்தில், வாசலின் பக்கச் சட்டத்துக்கு முன்னால் நின்றவர் இருபது நிமிஷம் நகரவே இல்லை. தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு மூக்கு படும் தூரத்தில் குனிந்து பார்த்தார்.

"இது இழைச்ச மரம் இல்லம்மா. வாச்சில செதுக்கிருக்கான். இந்தா பாரு, வெட்டு வெட்டா ஓடுது."

நான் அதுவரை ஐந்து முறை போயிருந்தேன், எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மரத்தின் முகத்தில் மீன் செதில் மாதிரி ஆழமில்லாத குழிகள் தெரியும். மரம் செதுக்கும் வாச்சி ஒவ்வொரு முறை இறங்கிய இடம்.

அப்புறம் பச்சை மரம் விஷயம். இந்த வீடுகளுக்கு ஓக் மரத்தை வெட்டி ஈரம் காயும் முன்பே வேலை செய்வார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன். அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"பச்சை மரத்துல எவனாவது வேலை செய்வானா? முறுக்கிக்கிட்டுப் போயிருமே. தேக்க வாங்கி ரெண்டு வருஷம் நெழல்ல போட்டுத்தான் நாங்க கை வைப்போம்."

அங்கே இருந்த தன்னார்வலர் ஒரு பெரியவர், வழிகாட்டி. அவரிடம் கேட்டு அப்பாவுக்குச் சொன்னேன். ஓக் காய்ந்துவிட்டால் இரும்பு மாதிரி, உளி இறங்காது. அதனால் பச்சையாக இருக்கும்போதே ஒரு மரத்தின் முனையில் கழுந்தும், இன்னொன்றில் அது நுழையத் துளையும் வெட்டிப் பொருத்தி, குறுக்கே ஓக் முளை, அதாவது மர ஆணி, அடித்துவிடுவார்கள். பிறகு வருஷக்கணக்கில் மரம் காய்ந்து சுருங்கும்போது பொருத்து இன்னும் இறுகும். கழுந்தில் போடும் முளைத் துளையைக் கொஞ்சம் உள்வாங்கிப் போடுவார்கள் என்றும் சொன்னார். நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே அப்பா சிரித்துவிட்டார்.

"ஒரு நூல் தள்ளிப் போடுவான். முளை உள்ள போகும்போது இழுத்துப் பிடிக்கும். அதத்தான நானும் செய்றேன். இவரு எந்த ஊரு ஆசாரி?"

அவர் ஆசாரி இல்லை அப்பா, ஓய்வுபெற்ற வாத்தியார் என்றேன். அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனாலும் கொட்டாப்புளி அடிக்கிற மாதிரி கையால் காட்டினார், அவரும் பதிலுக்குக் காட்டினார், அதற்குப் பிறகு நான் அங்கே தேவைப்படவே இல்லை.

15 மே

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும், சுவர் பற்றி. சட்டங்களுக்கு நடுவில் இருப்பது வெறும் மண் இல்லை. ஓக் குச்சிகளை நட்டு, வளையும் சிம்புகளை வரிச்சு மாதிரி பின்னி, களிமண்ணில் வைக்கோலும் சாணியும் பிசைந்து இரண்டு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். அப்பா கேட்டுவிட்டு, "நம்ம பாட்டி வீட்டு மாட்டுத்தொழு" என்றார். சரிதான், அதே வரிச்சுச் சுவர்தான்.

19 மே

'அந்தக் கறுப்பு வெள்ளை அழகுக்காகவே போகலாம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். போகலாம். ஆனால் அந்தக் கறுப்பு வெள்ளையை 16-ஆம் நூற்றாண்டு நிறம் என்று நினைத்துப் பார்க்காதீர்கள். கட்டிய காலத்தில் மரத்தைச் சாயமில்லாமல் விட்டிருப்பார்கள், வெயிலிலும் மழையிலும் அது வெள்ளி நிறமாக வெளுத்துப் போகும். சுவருக்கு மஞ்சள் காவி. மரத்தில் தார் அடித்துக் கறுப்பாக்கியதெல்லாம் விக்டோரியா காலத்து ரசனை. எனக்கு இது தெரிந்த பிறகு முற்றத்தில் நின்று கண்ணை லேசாக மூடிக்கொண்டு அந்தப் பழைய நிறத்தை வரவழைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வெள்ளி மரம், காவிச் சுவர், நடுவில் பச்சைக் கண்ணாடித் துண்டுகள். இன்னும் சாந்தமான வீடாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

கண்ணாடி என்றதும் நினைவுக்கு வருகிறது. சன்னல்களில் 30,000 சிறு கண்ணாடித் துண்டுகள், ஈயப் பட்டையில் கோத்தவை. சதுரம், சாய்சதுரம், வட்டம், முக்கோணம். அன்றைக்குக் கண்ணாடி விலை உயர்ந்த சரக்கு, இவ்வளவு வைத்ததே ஊருக்குக் காட்டத்தான்.

23 மே, மதியம்

'உள்ளே சாமான் இல்லை' என்பதற்கு வருகிறேன். நாலைந்து நாளாக மனதில் ஓடுகிறது.

16-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் குடும்பத்துக்கு 1360 ஏக்கர் நிலம், மாவு மில், பழத்தோட்டம், நீர்விசைச் சம்மட்டியோடு இரும்பு உருக்கும் பட்டறை எல்லாம் இருந்தன. அடுத்த நூற்றாண்டில் உள்நாட்டுப் போர் வந்தது. மோர்ட்டன்கள் அரசன் பக்கம். 1643-இல் நாடாளுமன்றப் படை வீட்டை எடுத்துச் சிப்பாய்களைத் தங்கவைத்தது. போருக்குப் பிறகு குடும்பம் கடனில் மூழ்கியது. நிலத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். 1670-களின் கடைசியில் அவர்கள் அங்கே குடியிருக்கவே இல்லை, வீட்டைக் குத்தகை விவசாயிகளுக்கு விட்டுவிட்டார்கள். அதற்கடுத்த 200 வருஷத்துக்கும் மேலாக அது ஒரு பண்ணை வீடு. வழிபாட்டு அறையில் நிலக்கரி கொட்டி வைத்திருந்த காலமும் உண்டு.

பழைய சாமானில் மிஞ்சியது மூன்றே மூன்று: நீளமான சாப்பாட்டு மேசை, ஒரு பெரிய வட்ட மேசை, நிறைய இழுப்பறைகள் வைத்த ஒரு பெட்டகம். வட்ட மேசை 1599-இல் எழுதிய சொத்துப் பட்டியலில் வருகிறது, பெட்டகம் 1654 பட்டியலில் வருகிறது. வேறு ஊர் மாளிகைகளில் எங்கிருந்தோ வாங்கிய கட்டிலையும் நாற்காலியையும் போட்டு நிரப்பி வைத்திருப்பார்கள், இங்கே அப்படிச் செய்யவில்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

யோசித்துப் பாருங்கள், அவர்களிடம் பணம் இருந்திருந்தால் 1700-களில் இந்த மர வீட்டை இடித்துவிட்டுச் செங்கல்லில் நேர்க்கோடாக ஒன்று கட்டியிருப்பார்கள். பணக்காரக் குடும்பங்கள் பல அதைத்தான் செய்தன. கையில் காசில்லாததால் மரம் தப்பித்தது.

1892-இல் வீடு எலிசபெத் மோர்ட்டன் என்ற கன்னியாஸ்திரீ கைக்கு வந்தது. வழிபாட்டு அறையைச் சீர் செய்தவர் அவர். 1912-இல் அவரிடமிருந்து உறவினரான ஆபிரகாம் என்ற பிஷப்புக்குப் போனது. அவர் ஆறு பென்ஸ் வாங்கிக்கொண்டு ஆட்களை உள்ளே விட்டார், 1938-இல் பழைய வீடுகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார்.

23 மே, இரவு

'மர வீடு என்கிறீர்கள், சுவரோவியம் இருக்கிறதா' என்ற கேள்விக்கு: இருக்கிறது. சிறிய வரவேற்பறையில் பிற்காலத்து மரப்பலகை ஒன்றை 1976-இல் கழற்றியபோது பின்னால் கிடைத்தது. சூசன்னாவும் முதியவர்களும் என்ற விவிலியக் கதை, சுற்றிலும் குடும்பச் சின்னமான ஓநாய்த் தலை. அதற்குக் கீழே மரப்பலகை மாதிரியே தெரிகிற சித்திரம். நிஜப் பலகை இல்லை, வண்ணத்தால் நிழல் வைத்து வரைந்தது. அப்பா ரொம்ப நேரம் அதைப் பலகை என்றே நம்பி இணைப்பைத் தேடினார். வரைந்தது என்று தெரிந்ததும், "இவ்ளோ மரம் இருக்கிற வீட்ல இது எதுக்கு?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

2 ஜூன்

குழந்தைகளோடு போகலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. அகழியில் வாத்து, முற்றம் முழுக்க உருண்டைக் கல் பாவியிருப்பது, அகழியின் பக்கம் துருத்தி நிற்கும் கழிப்பறைகள். கழிவு நேராக அகழியில் விழுந்தது என்று சொன்னால் போதும், எட்டு வயதுப் பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். மாடி மண்டபத்தின் மரப்பலகைக்குப் பின்னால் 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து டென்னிஸ் பந்துகள் நாலு கிடைத்ததையும் சொல்லுங்கள். மழை நாளில் அங்கே ஓடியாடி விளையாடியிருக்கிறார்கள். பந்து பலகைக்குப் பின்னால் விழுந்ததும் எடுக்க முடியாமல் நின்ற பிள்ளைகளை நினைத்துக்கொண்டே நான் ஒவ்வொரு முறையும் அந்த மண்டபத்தைக் கடக்கிறேன்.

முட்டி வலி உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மாடிக்குப் போகும் படி குறுகல், மேலே தரை சாய்வு. முற்றத்துக் கல்லில் சக்கர நாற்காலி தள்ளுவது கஷ்டம். கிளம்பும் முன் திறந்திருக்கும் நாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா நாளும் திறப்பதில்லை. ரயிலில் வருகிறவர்களுக்குக் கிட்ஸ்குரோவ் பக்கம், அங்கிருந்து மூன்று மைல்.

லிவர்பூலில் இருப்பவர்கள் ஸ்பீக் ஹாலையும் பார்த்துவிடுங்கள், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. அதுவும் 16-ஆம் நூற்றாண்டு மர வீடு. முற்றத்தில் இரண்டு பெரிய யூ மரங்கள், பெயர் ஆதாம், ஏவாள். அங்கே சாமான் நிறைய, அறைக்கு அறை விக்டோரியா காலத்துச் சுவர்த்தாள். கேள்வி கேட்டவருக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன், உண்மையாகவே சொல்கிறேன்.

8 ஜூன்

வெளித் தோட்டத்தைப் பற்றி எழுதவில்லை என்று நினைவூட்டியவருக்கு நன்றி.

வடக்குப் பக்கம் ஒரு முடிச்சுத் தோட்டம். கணுக்காலைத் தாண்டாத பாக்ஸ் செடி வேலியைக் கோலம் மாதிரி வளைத்து வெட்டி, நடுவில் சரளைக்கல். 1972-இல்தான் நட்டார்கள், ஆனால் வடிவம் 1670-இல் வெளிவந்த தோட்டக்கலை நூலில் இருப்பது. அது தவிர மூலிகைப் பாத்திகள், ஆப்பிள், பேரி, சீமை மாதுளை, மெட்லர் மரங்கள். புல்வெளி ஓரத்தில் ஒரு மண்மேடு. மேலே ஏறி நின்று தோட்டத்தைப் பார்ப்பதற்காகவே அந்தக் காலத்தில் இப்படி மேடு போடுவார்கள். பெரிய தோட்டம் இல்லை. அகழிக்குள் அடங்கிவிடுகிற அளவு, கால் மணி நேரத்தில் சுற்றிவிடலாம். எனக்குப் பிடித்த இடம் அகழியின் அக்கரைதான். அங்கிருந்து பார்த்தால் மேல் மண்டபம் கீழ்த்தளத்தை விட முன்னால் துருத்திக்கொண்டு, தலையில் பெரிய சுமையோடு பாலத்தில் நிற்கும் மனிதர் மாதிரி இருக்கும்.

21 ஜூன், அதிகாலை

தூக்கம் வரவில்லை. இதைச் சொல்லத்தான் முதல் நாளே வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

முற்றத்தில் நின்று பெரிய கூடத்தைப் பார்த்தால் இரண்டு பெரிய சன்னல்கள் வெளியே புடைத்து நிற்கும். இரண்டின் கூரையும் ஒன்றோடொன்று முட்டும், அவ்வளவு நெருக்கம். 1559-இல் இரண்டாம் வில்லியம் வைத்தவை. மரத்திலேயே எழுத்து செதுக்கியிருக்கிறது. முதலில் வீட்டுக்காரர்: எல்லாவற்றிலும் எல்லாமாக இருப்பவர் கடவுள், இந்தச் சன்னல்கள் 1559-ஆம் ஆண்டு வில்லியம் மோர்ட்டன் செய்தவை. அப்புறம் இன்னொரு வரி: ரிச்சர்ட் டேல் என்னும் தச்சன் கடவுள் அருளால் இந்தச் சன்னல்களைச் செய்தான்.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரெண்டாவது வரியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அப்புறம், "ரெண்டு பேரும் 'நான் செஞ்சேன்'னுதான் போட்டுருக்காங்களா?" என்றார்.

ஆமாம், இரண்டிலும் அதே சொல்தான். அப்பா கேட்கும்வரை எனக்கு இது உறைக்கவில்லை. தமிழில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. காசு கொடுத்தவன் செய்வித்தான், கையால் செய்தவன் செய்தான். தஞ்சாவூர்க் கோயிலில் ராஜராஜன் 'நாம் எடுப்பிச்ச' என்றுதான் வெட்டினான். அந்தக் கோயில் கல்வெட்டுகளிலேயே குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயரும் இருக்கிறது, அப்பாவுக்கு அது மனப்பாடம். இங்கே அவர்கள் மொழியில் இருவருக்கும் ஒரே வினை, ஒரே சன்னல், இரண்டு பெயர்.

அப்பா செய்த கதவுகள் எங்கள் ஊரில் எத்தனையோ வீட்டில் இருக்கின்றன. நிலைக்கு மேலே வீட்டுக்காரர் பெயரை அவர்தான் செதுக்குவார், அவர் கையெழுத்து அவ்வளவு அழகு. தன் பெயரை எங்கேயும் வெட்டியதில்லை. அன்றைக்கு முற்றத்தில் அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "டேல்" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

21 ஜூன், மாலை

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் முழு வீட்டையும் கட்டியவர் டேல்தானே' என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சன்னல் எழுத்து சொல்வது சன்னல்களை மட்டும்தான். மீதி வீட்டில் உழைத்த எத்தனையோ கைகளுக்குப் பெயர் இல்லை.

ஒரு பெயர்ப் பொருத்தம் மட்டும் சொல்கிறேன். 1841-இல் இந்தப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து 100 வருஷத்துக்கு மேல் அங்கேயே குடியிருந்த விவசாயக் குடும்பத்தின் பெயரும் டேல். அப்பாவிடம் போனில் சொன்னபோது, "பாத்தியா, வந்துட்டான்" என்றார்.

30 ஜூன்

எழுத்தைப் பற்றிப் பேசும்போது மாடி மண்டபத்தையும் சேர்க்க வேண்டும். இரண்டு கோடியிலும் சுவர் உச்சியில் சுண்ணாம்புச் சிற்பம்: ஒரு பக்கம் அதிர்ஷ்டம், கையில் சக்கரம். மறு பக்கம் ஊழ், கோளத்தோடு. ஊழின் கோளத்தை ஆள்வது அறிவு என்று எழுத வந்தவர், கோளம் (ஆங்கிலத்தில் sphere) என்ற இடத்தில் ஈட்டி (spear) என்று படிக்கத் தக்கதாக எழுதிவிட்டார். 450 வருஷமாக அப்படியே இருக்கிறது. டேலின் வரியிலும் தச்சன் என்ற சொல் 'கார்ப்பெடர்' என்றுதான் இருக்கிறது. பேசியபடி எழுதியிருக்கிறார்கள்.

14 செப்டம்பர்

ரொம்ப நாளைக்குப் பிறகு. கேள்வி கேட்டவர் மறுபடியும் போய் வந்ததாக எழுதியிருக்கிறார். இந்த முறை மூன்று மணி நேரமாம். வாச்சி வெட்டைப் பார்த்தாராம், மாடித் தரை இன்னும் பிடிக்கவில்லையாம். சரி, அது அவர் விருப்பம். எனக்கும் முதல் முறை தலை சுற்றியது.

அப்பா கேட்டார் என்று போன ஞாயிறு நான் போய் அந்த இரண்டு வரியையும் பெரிதாகப் படம் எடுத்து அனுப்பினேன். ஊரில் பிரிண்ட் போட்டுப் பட்டறையில் இழைப்புளி மாட்டியிருக்கும் சுவரில் ஒட்டியிருக்கிறார். கூட வேலை செய்யும் பையன், 'கார்ப்பென்டரில் ஒரு எழுத்து குறையுது தாத்தா' என்றானாம். "அவன் அப்படித்தான் வெட்டிருக்கான், இருக்கட்டும்" என்று சொன்னாராம்.

அக்டோபர் கடைசியில், மூடும் முன்பு இன்னொரு முறை போகிறேன். மெட்லர் மரத்தில் காய் பிடித்திருக்கிறது, அதையும் பார்க்கலாம். ஸ்டோக் பக்கம் யாராவது வருவதானால் சொல்லுங்கள், காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.